வணிக வலைத்தளமும் வாய்மைத் தமிழும்

பொருளை விற்போர் யாவரும் அப்பொருளுக்கு முன்னே தம் சொல்லைத்தான் விற்கின்றனர். சொல்லை நம்பியவர் பொருளை வாங்குகிறார். சொல்லை ஐயுற்றவர் கடைவாசலோடு திரும்பிவிடுகிறார். இவ்வுண்மை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் காண்கிறோம். அளவிலும் விலையிலும் நடுவுநிலை பிறழாதவர்களாகவும், பிறர் பொருளையும் தம் பொருள் போலவே கருதுபவர்களாகவும் புலவர் அவர்களைக் காட்டுகிறார். அந்நகரின் தெருக்களில் பறந்த பலவகைக் கொடிகளையும் அதே நூல் பேசுகிறது. எந்த இடத்தில் எது கிடைக்கும் என்பதைத் தொலைவில் வருவோருக்கு அறிவித்த கொடிகளைப் பழந்தமிழரின் விளம்பரப் பலகைகள் எனலாம்.

அக்கொடி இன்று கைப்பேசித் திரையில் பறக்கிறது. 1991-ஆம் ஆண்டு ஜெனீவா நகரையடுத்த ஆய்வுக்கூடம் ஒன்றில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் தாம் அமைத்த உலகின் முதல் வலைத்தளத்தைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைத்தார். அறிஞர் தம்முள் ஆய்வுச் செய்தி பகிர்ந்துகொள்ள எழுந்த அவ்வமைப்பு, இன்று பாய்க்கடை முதல் வைரக்கடை வரை அனைத்துக்கும் வாசலாகிவிட்டது. ஆனால் வாசல் அமைத்தவர்களுள் எத்தனைபேர் அவ்வாசலில் நின்று பேசத் தெரிந்தவர்கள்? படத்திற்கும் வண்ணத்திற்கும் ஆயிரமாயிரமாகச் செலவிடும் நம் வணிகப் பெருமக்கள், அதில் இடம்பெறும் சொற்களை மட்டும் எவரோ எழுதட்டும் என்று விட்டுவிடுகின்றனர். அந்த 'எவரோ' ஒருமுறை நானாக இருந்தேன். அதனால் விளைந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் மாணவச் செல்வங்களின் முன்னும் சமுதாயப் பெரியோர்களின் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதியவன் நான்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். அவர் குடும்பம் வழிவழியாகப் பத்தமடைப் பாய் வணிகம் செய்துவருவது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையின் பெருமையை ஈண்டு விரித்துரைக்கத் தேவையில்லை. தாமிரவருணிக் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் விளையும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, சாயமேற்றி நெய்யப்படுவது அப்பாய். அதனை நெய்வோருள் பெரும்பாலோர் நம் சமுதாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. மணமக்களின் பெயரை நெய்து திருமணத்திற்கு வழங்கும் மரபு இன்றும் உண்டு. மிக நுண்ணிய கோரை இழையால் நெய்த பாயைத் துணிபோல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். புவிசார் குறியீடும் பெற்ற பொருள் அது.

"ஐயா, வலைத்தளம் தொடங்கிவிட்டோம். படங்கள் எல்லாம் போட்டாயிற்று. ஆங்கிலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தார்கள், தமிழில் நீங்கள் எழுதித் தரவேண்டும்" என்றார் அம்மாணவர். தமிழாசிரியனுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? அன்றிரவே அமர்ந்து எழுதினேன். 'காலத்தை வென்ற கலைப்படைப்பு', 'உலகமே வியக்கும் ஒப்பற்ற நெசவு', 'முழுவதும் கையால் நெய்யப்பட்ட பட்டுப்பாய்' என்று சொற்கள் அருவிபோல் கொட்டின. எழுதிமுடித்தபின் நானே படித்து நானே மகிழ்ந்தேன். ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. அந்தப் பாய்களை நான் நேரில் பார்க்கவில்லை. நெய்வோர் எவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. சென்னையிலிருந்து ஒருவர் தம் மகள் திருமணத்திற்கென்று ஒரு பாயை வரவழைத்தார். வந்தது நல்ல பாய்தான். ஆனால் அது பருத்தி நூலைப் பாவாக இட்டு விசைத்தறியில் நெய்யப்பட்டது. அவ்வணிகர் கைத்தறிப் பாயும் விற்றார், விசைத்தறிப் பாயும் விற்றார். இரண்டின் விலையும் வெவ்வேறாகவே இருந்தது. நான் எழுதிய வரியோ இரண்டிற்கும் பொதுவாக மேலே நின்றது. வாங்கியவர் தொலைபேசியில் அழைத்து, "பாய் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துத்தான் பொய்" என்றாராம். மாணவரின் தந்தையார் மறுபேச்சின்றி முழுத்தொகையையும் திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "தம்பி, எங்கள் வாப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை" என்று மட்டும் சொன்னார். அதைவிடக் கடுமையான சொல் வேறு வேண்டுமோ?

அச்சொல் என்னுடையது; அதனால் தாழ்ந்ததோ அவர் பெயர். மொழிப்புலமை பொய்க்குத் துணைபோக எவ்வளவு எளிதாக இசைந்துவிடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

வாசிப்பவர் எப்படி வாசிக்கிறார்?

அதன்பின் இத்துறையில் பிறர் கண்டறிந்தவற்றைத் தேடிப் படிக்கலானேன். வலைப்பக்கங்களை மக்கள் எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதை ஜேக்கப் நீல்சன் என்னும் ஆய்வாளர் 1997-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அவர் சோதித்தோருள் 79 விழுக்காட்டினர் புதிய பக்கம் ஒன்றைச் சொல் சொல்லாகப் படிப்பதில்லை. கண்ணை மேயவிட்டு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்கின்றனர். சொல் விடாமல் படித்தவர் 16 விழுக்காட்டினரே.

அவ்வாய்வின் இன்னொரு பகுதி நம்போன்றோர்க்கு மேலும் பயன்படுவது. ஒரே செய்தியை ஐந்து வகையாக எழுதி வெவ்வேறு குழுவினரிடம் கொடுத்துப் பார்த்தனர். தற்புகழ்ச்சி மிகுந்த விளம்பர நடையிலிருந்த பக்கத்தைக் காட்டிலும், அப்புகழ்ச்சியை நீக்கி உள்ளதை உள்ளவாறு கூறிய பக்கம் 27 விழுக்காடு கூடுதலாகப் பயன்பட்டது. ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கிய பக்கம் 58 விழுக்காடு கூடுதலாகப் பயன்பட்டது. தலைப்பும் பட்டியலும் இட்டுக் கண்ணுக்கு எளிதாக்கிய பக்கம் 47 விழுக்காடு கூடுதலாகப் பயன்பட்டது. இம்மூன்றும் சேர்ந்த பக்கமோ 124 விழுக்காடு மேம்பட்டு நின்றது. புகழ்ச்சியைப் படிப்பவர் மனம் ஒவ்வொரு சொல்லிலும் 'இது மெய்யா?' என்று வினவிக்கொண்டே செல்கிறது. அவ்வினாவே வாசிப்பைத் தடுக்கிறது என்பது அவர்கள் கூறிய விளக்கம். அடைமொழி அடுக்கிய என் பக்கம் ஏன் எவரையும் ஈர்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அடைமொழியும் செய்தியும்

மாணவர் வீட்டிற்கு மீண்டும் சென்றேன். இம்முறை எழுதுவதற்கன்று, கேட்பதற்காக. கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் குறித்துவைத்திருக்கிறீர்களா என்று வினவினேன். குறிப்பு இல்லை, ஆனால் நாள்தோறும் அழைப்புகளுக்கு விடை சொல்லும் மாணவரின் துணைவியாருக்கு அனைத்தும் மனப்பாடமாக இருந்தது. நீளம் அகலம் எவ்வளவு? கைத்தறியா, விசைத்தறியா? தண்ணீர் பட்டால் சாயம் போகுமா? சுருட்டி வைக்கவேண்டுமா, மடித்து வைக்கலாமா? பெயர் நெய்து தர எத்தனை நாளாகும்? பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? அனுப்பும் செலவு விலையில் அடங்குமா? இவ்வினாக்களுள் ஒன்றிற்குக்கூட நான் எழுதிய பக்கத்தில் விடை இல்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். வணிகப் பக்கத்தின் உள்ளடக்கம் எழுதுவோன் உள்ளத்தில் பிறப்பதன்று. வாங்க வருவோர் வினாவில் பிறப்பது. 'நாங்கள் யார்' என்று தொடங்கும் பக்கத்தில் விற்பவர் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். 'உங்களுக்கு எது வேண்டும்' என்று தொடங்கும் பக்கத்தில் வாங்குபவர் தம்மைக் காண்கிறார்.

ஆகவே இருவரும் சேர்ந்து புதிதாக எழுதினோம். 'உலகமே வியக்கும் ஒப்பற்ற நெசவு' என்ற வரி நீங்கியது. அவ்விடத்தில், 'ஆறடி நீளம், மூன்றடி அகலம். தாமிரவருணிக் கரைக் கோரை. பாவு பருத்தி நூல். கைத்தறியில் நெய்தது' என்று எழுதினோம். விசைத்தறிப் பாய்க்குத் தனிப் பக்கம் அமைத்து, 'இது விசைத்தறியில் நெய்தது. அதனால்தான் விலை குறைவு. அன்றாடப் புழக்கத்திற்கு ஏற்றது' என்று தெளிவாகக் குறித்தோம். பெயர் நெய்யும் பாய்க்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்லவேண்டும் என்பதை மேலேயே போட்டோம். தறியில் அமர்ந்து நெய்யும் கைகளின் படத்தை அவர்களின் இசைவு பெற்றுச் சேர்த்தோம். மொத்தச் சொற்கள் முன்னிருந்ததில் பாதிகூட இல்லை. எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. என் அருவி வற்றிவிட்டதே! ஆயினும் சில வாரங்களில் மாணவரின் துணைவியார், "இப்போது அழைப்பவர்கள் விவரம் கேட்பதில்லை ஐயா, எத்தனை பாய் வேண்டும் என்பதைத்தான் சொல்கிறார்கள்" என்று கூறியபோது அவ்வருத்தம் அகன்றது.

தேடுபொறிகளும் இவ்வழியையே விரும்புகின்றன. ஒருகாலத்தில் ஒரே சொல்லைப் பக்கமெங்கும் திணித்து முதலிடம் பிடிக்க முயன்றோர் பலர். 2011-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் தேடல் முறையைத் திருத்தி, உள்ளீடற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோர்க்கென அந்நிறுவனம் வகுத்த நெறிமுறையில், எழுதுவோரின் நேரடிப் பட்டறிவும் ஓர் அளவுகோலாக 2022 திசம்பரில் சேர்க்கப்பட்டது. பாயைப் பார்க்காமலே பாயைப் பற்றி எழுதியவனுக்கு அவ்வளவுகோல் எத்தனை மதிப்பெண் கொடுத்திருக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

குறையைச் சொல்லும் துணிவு

பொருளின் நிறையை எவரும் சொல்வர். குறையைச் சொல்வதற்கே துணிவு வேண்டும். கோரைப்பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மடித்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் மடித்தால் கோரை முறியும். இவற்றை வலைத்தளத்தில் எழுதவேண்டும் என்று நான் கூறியபோது மாணவர் தயங்கினார். அவர் தந்தையார்தாம் இடைமறித்து, "எழுதச் சொல்லு. ரசூலுல்லாஹ் தானியக் குவியலுக்குள் கைவிட்ட செய்தி தெரியாதா உனக்கு?" என்று கேட்டார்.

அந்நிகழ்ச்சியை நம்மில் பலர் சிறுவயதிலேயே மதரசாவில் கேட்டிருக்கிறோம். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்ற செய்தி இது. நனைந்த தானியத்தை விற்கலாகாது என்பது அங்கே எழுந்த கேள்வியன்று. நனைந்ததை மறைத்து விற்கலாகாது என்பதே. வலைத்தளத்தில் மேலே தெரிவது படம். அடியில் கிடப்பது பொருள். ஈரத்தை மேலே வைப்பதுதான் நல்ல உள்ளடக்கம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிந்துபோகும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்திற்கு அளவையில் மோசடி செய்வோரைக் குறிக்கும் 'அல் முதஃப்பிஃபீன்' என்பதே பெயராக அமைந்துள்ளது. அளவை என்பது படியும் தராசும் மட்டுமா? இல்லாததை இருப்பதாகக் கூறும் சொல்லும் குறைந்த படியே என்று நான் கருதுகிறேன்.

தமிழ் மரபும் இதற்கு மாறுபடவில்லை. வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தைச் சொல்வன்மை அதிகாரத்தில் வைக்கவில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதிகளைக் காண்கிறான். மணிகள் விற்கும் தெருவை அங்கு வருணிக்கும் இளங்கோவடிகள், வைரத்திற்கும் முத்திற்கும் பவளத்திற்கும் உரிய குற்றங்கள் இன்னின்ன என்பதைக் குறிப்பிட்டு, அக்குற்றங்கள் அங்குள்ளவற்றில் இல்லை என்கிறார். குறை இன்னது என அறிந்தவர் வாயிலிருந்து 'இக்குறை இதில் இல்லை' என்று வரும்போதே அச்சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. 'அனைத்திலும் சிறந்தது' என்று பொதுப்படக் கூறும் சொல்லுக்கு அம்மதிப்பு வருவதில்லை.

சட்டத்தின் கண்

அறத்திற்கு அஞ்சாதவர்கள் சட்டத்திற்கேனும் அஞ்சவேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான வழியில் திருப்பும் விளம்பரத்திற்கு முதல்முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அதிகாரம் அளித்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்கவேண்டும் என்றும், விலையின் கூறுகள், திருப்பித் தரும் முறை, குறைதீர்க்கும் அலுவலரின் விவரம் ஆகியவற்றை வெளிப்படையாகத் தரவேண்டும் என்றும் பணிக்கின்றன. முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவும் அவை வகைசெய்கின்றன. விற்பவரே வாங்கியவர்போல் வேடமிட்டுப் பாராட்டுரை எழுதுவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், வாங்குவோரைச் சிக்கவைக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பெயர்சுட்டித் தடைசெய்தன. 'இன்னும் இரண்டே உள்ளன', 'பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு இறுதியில் பிற கட்டணங்களைச் சொருகுவது மற்றொன்று. வலைத்தளம் அமைக்கும் சிலர் இவற்றையே 'விற்பனை நுட்பம்' என்று கற்பிக்கின்றனர். நம் பிள்ளைகள் அதனைக் கற்றுவிடலாகாது என்பதே என் கவலை.

எந்தத் தமிழில் எழுதுவது?

2020-ஆம் ஆண்டு 29 நாடுகளில் 8,709 பேரிடம் எடுக்கப்பட்ட ஆய்வொன்றில், 76 விழுக்காட்டினர் தம் தாய்மொழியில் விவரம் உள்ள பொருளையே வாங்க விரும்புவதாகக் கூறினர். 40 விழுக்காட்டினர் பிறமொழித் தளங்களில் ஒருபோதும் வாங்குவதில்லை என்றனர். இருந்தும் நம் ஊர்க் கடைகள் பலவற்றின் வலைத்தளங்களில் தமிழே இல்லை. இருப்பினும் கருவி பெயர்த்த தமிழாக இருக்கிறது. கருவிக்கு இலக்கணம் ஓரளவு தெரிகிறது. பாவு எது, ஊடு எது என்பது தெரிவதில்லை.

தமிழ்த்துறையினராகிய நாமும் ஒரு பிழை செய்கிறோம். வணிகத் தமிழ் என்றவுடன் எவரும் வழங்காத சொற்களைத் தேடுகிறோம். கடைக்காரரும் வாங்குபவரும் எச்சொல்லால் அப்பொருளை அழைக்கின்றனரோ அச்சொல்லே அங்குத் தகுந்த சொல். 'தலையணை உறை' என்று தேடுபவரும் உளர். 'தலகாணி உறை' என்று தேடுபவரும் உளர். இருவருக்கும் இடம் தருவதே வணிகத்தின் மரபு. இலக்கியத் தமிழுக்கு அதனால் இழுக்கு நேர்ந்துவிடாது. எளிய தொடர், தெளிந்த அளவு, பிழையற்ற எழுத்து ஆகிய மூன்றும் போதும். ஒற்றுப்பிழை மலிந்த பக்கத்தைக் காண்பவர், சொல்லிலேயே கவனமில்லாதவர் பொருளில் எவ்வாறு கவனமாக இருப்பார் என்றுதானே எண்ணுவார்?

பெரியோர்களின் ஐயம்

இக்கருத்துகளை ஒரு கூட்டத்தில் நான் எடுத்துரைத்தபோது, வணிகப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "பேராசிரியர் சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் விசைத்தறிப் பாயைக் கைத்தறி என்றே எழுதுகிறார். நான் மட்டும் உண்மையை எழுதினால் என் வாடிக்கையாளர் அவரிடம் போய்விடுவாரே?" என்றார். நேர்மையான வினா. அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. சிலர் போகத்தான் செய்வர். உண்மை உடனே விற்கும் என்று நான் உறுதி கூறினால், நானும் விளம்பரமே செய்தவனாவேன்.

ஆனால் ஒன்றைக் கூறலாம். பொய் ஒருமுறை விற்கும். இரண்டாம் முறை வாங்க வரவேண்டியவர் அதே வாடிக்கையாளர். முற்காலத்தில் ஏமாந்தவர் தம் தெருவில் பத்துப்பேரிடம் சொல்வார். இன்று அவர் எழுதும் ஒரு வரி, கடையின் பெயரைத் தேடும் ஒவ்வொருவர் கண்ணிலும் ஆண்டுக்கணக்கில் படுகிறது. மேலும், கைத்தறி என்று பொய்யாக எழுதும் கடை ஏமாற்றுவது வாங்குபவரை மட்டுமன்று. நாள்முழுதும் தறியின்முன் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் கூலியையும் அது பறிக்கிறது. விசைத்தறிப் பாயும் அதே பெயரில் விலைபோனால், அவள் உழைப்புக்குத் தனிவிலை கொடுப்பார் யார்? நான் எழுதிய அந்த ஒற்றை வரி அவளுக்கும் அநீதி இழைத்தது என்பது எனக்கு மிகத் தாமதமாகவே விளங்கியது.

துறை செய்யத்தக்கது

இலக்கியம் கற்பிக்கும் துறைக்கு வணிகப் பக்கம் எழுதுவது தகுமா என்று சில நண்பர்கள் வினவக்கூடும். வணிகர் தமிழைப் புரந்த வரலாறு நம்முடையது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் துணைநின்ற வள்ளல் சீதக்காதி கீழக்கரைப் பெருவணிகர். 1951-இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்ததும் வணிகப் பெருமக்களின் கொடையால்தான். தமிழ் பயில நமக்கு வகுப்பறை கட்டித் தந்தவர்கள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு நல்ல தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுப்பது இழிவன்று; கைம்மாறு.

எனவே மூன்று முன்மொழிவுகளை வைக்கிறேன். முதலாவது: இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலுள்ள சிறுவணிகர் ஒருவரிடம் சென்று, பொருளை நேரில் கண்டு, வாங்குவோர் கேட்கும் வினாக்களைக் குறித்துவந்து, ஒரு வலைப்பக்கத்திற்குரிய உள்ளடக்கத்தைப் பயிற்சியாக எழுதவேண்டும். இதனால் வேலைவாய்ப்பும் பிறக்கும். ஆசிரியப் பணியை மட்டுமே நம்பி ஏங்கும் தமிழ் பட்டதாரிகளுக்கு இன்னொரு கதவும் திறக்கும். இரண்டாவது: அவ்வாறு திரட்டிவரும் தொழிற்சொற்களைத் துறையில் தொகுத்துவைக்கவேண்டும், பாய் நெய்வோர், தோல் பதனிடுவோர், வலை பின்னுவோர் ஆகியோரின் சொற்கள் நம் அகராதிகளுக்கும் வளம் சேர்க்கும். மூன்றாவது: எழுதிய ஒவ்வொரு வரியையும் அப்பொருளைச் செய்தவரிடம் படித்துக்காட்டி, 'இது உண்மைதானா?' என்று கேட்டபின்னரே வெளியிடவேண்டும்.

மூன்றனுள் இறுதியானதே முதன்மையானது என்பேன். நான் அன்று ஒருமுறை படித்துக்காட்டியிருந்தால், தறியின் முன் அமர்ந்திருந்த அந்தத் தாயார் சிரித்துக்கொண்டே, "இது பட்டு இல்லையே தம்பி, பருத்தி" என்று சொல்லியிருப்பார். ஒரு குடும்பத்தின் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தமிழ் நாளை பலருடைய கடைவாசலில் நின்று பேசும். அதனைக் கேட்டு முன்பின் அறியாத ஒருவர் தம் உழைப்பின் பணத்தை எடுத்து நீட்டுவார். அப்பணத்திற்குப் பிணையாக நிற்பது உங்கள் சொல். அப்பிணையை நிறைவேற்றும் வாய்மையையும், அவ்வாய்மையால் பெருகும் பரக்கத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!